மியூட் செய்த வார்த்தை: வாசகர் கேள்வி – பதில்

இப்போது வரும் படங்களில் கெட்ட வார்த்தை அளவு மீறிவிட்டது என்ற ஆதங்கத்தோடு பெற்றோர், குறும்பட இயக்குநர்கள், வசனம் எழுதுபவர்கள் எனப் பலரும் எழுதிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கடும் வசைச்சொல் எதையும் இப்பக்கங்களில் அச்சிடவில்லை.

கேள்வி: 'யுஏ 16+' என்று போட்ட படத்துக்கு 12 வயது மகனை அழைத்துப் போகலாமா? அரங்கில் தடுப்பார்களா? (ஒரு தாய்)

உங்களோடு வந்தால் தடுக்க மாட்டார்கள். 2023இல் திருத்திய திரைப்படச் சட்டமும், 2024 மார்ச்சில் வந்த சான்றளிப்பு விதிகளும் பழைய ஒற்றை யுஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாக்கின. இந்த எண்கள் பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கைதான், முடிவு உங்களுடையது. 'ஏ' சான்றிதழ் அப்படியல்ல. 18 நிரம்பாத பிள்ளையைப் பெற்றவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தாலும் உள்ளே விடக் கூடாது. விட்டால் குற்றம் அரங்கத்தின் மேல்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படம் தொடங்குமுன் திரையில் வரும் சான்றிதழ் 16+ என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ரத்தமா, வசையா, படுக்கையறைக் காட்சியா, நமக்குத் தெரியாது. பிரிட்டனின் பிபிஎஃப்சி வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் என்ன காரணத்தால் இந்த வயது என்று சுருக்கமாக வெளியிடுகிறது. அந்த ஏற்பாடு இங்கும் வந்தே ஆக வேண்டும். அதுவரைக்கும் படம் பார்த்த ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திட்டுபவன் நாயகனா வில்லனா? அந்த வசைக்கு அரங்கில் கைதட்டு விழுகிறதா? திட்டு ஒரு பெண்ணையோ சாதியையோ குறிவைக்கிறதா? 'எத்தனை கெட்ட வார்த்தை' என்று கேட்பதைவிட இவை உங்களுக்கு அதிகம் சொல்லும். வில்லன் பேசும் வசையைப் பிள்ளை அஞ்சிக் கேட்கும். நாயகன் பேசினால் மறுநாள் பள்ளிக்கு எடுத்துப் போகும்.

கேள்வி: மியூட் செய்தாலும் உதட்டசைவிலேயே வார்த்தை புரிந்துவிடுகிறது. பிறகு மியூட் எதற்கு?

உங்கள் எரிச்சல் நியாயமானது. ஓசையை எடுத்துவிட்டு உதட்டை விட்டுவைத்தால் வார்த்தை எங்கும் போவதில்லை. பேச்சு அறுந்த இடத்தில்தான் காது போய் நிற்கும். அதுவரை கவனிக்காத குழந்தைகூட 'என்ன சொன்னான்?' என்று பக்கத்தில் கேட்கும்.

ஒரு சொல்லை எடுக்கும்படி நம் திரைப்படச் சான்றிதழ் வாரியம் (சென்சார்) சொன்னால் தயாரிப்பாளருக்கு மூன்று வழி உண்டு: காட்சியை அந்த இடத்தில் வெட்டுவது, வேறு சொல்லை டப்பிங்கில் பேசவைப்பது, ஒலியை அடக்குவது. வெட்டினால் பின்னணி இசையும் படத்தின் நீளமும் மாறும். டப்பிங் என்றால் நடிகரை மறுபடி அழைக்க வேண்டும். மியூட்டுக்கு இரண்டும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் வேலை முடியும். வெளியீட்டுத் தேதியைப் போஸ்டரில் அடித்துவிட்டுச் சான்றிதழுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை. ரசிகர் கேட்கும் அந்த ஓட்டை பெரும்பாலும் அவசரத்தில் விழுந்தது.

கேள்வி: குறும்படம் எடுத்திருக்கிறேன். நான்கு இடங்களில் வசை வருகிறது. விழாவுக்கு அதை எடுத்தாக வேண்டும். ஓட்டை தெரியாமல் செய்வது எப்படி?

செய்யலாம், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் அளவு. ஒரு வசைச்சொல் சாதாரணமாக 300 முதல் 500 மில்லி விநாடி நீளும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 7 முதல் 12 ஃபிரேம். பலர் சொல்லின் நடுப்பகுதியை மட்டும் அடக்கி முதல் எழுத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் மெய்யொலி கேட்டாலே போதும், மீதியைக் கேட்பவர் மனம் முடித்துவிடும். எடுப்பதானால் முழுச் சொல்லையும் எடுங்கள். விளிப்பாக வரும் வசையை எடுத்துவிட்டாலும் வாக்கியம் தானாக நிற்கும்.

அடுத்தது அறையொலி. படப்பிடிப்பிலேயே பதிவு செய்த ஒலி என்றால் வசனத்தோடு மின்விசிறி, தெரு, பூச்சி எல்லாமே ஒரே டிராக்கில் இருக்கும். வசனத்தை அடக்கும்போது அவையும் செத்துப்போகும். காது உடனே கண்டுபிடிக்கும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி 30 முதல் 60 விநாடி வெற்று ஒலியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடக்கிய இடத்துக்குக் கீழே அதை வைத்து, இரு முனையிலும் ஓரிரண்டு ஃபிரேம் கிராஸ்ஃபேடு (ஓர் ஒலி தேய மற்றது எழும் கலப்பு) கொடுங்கள். பதிவு செய்யத் தவறியிருந்தால் அதே ஷாட்டில் யாரும் பேசாத இடைவெளிகளைப் பொறுக்கி ஒட்டலாம். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மட்டும் தாளம் போலக் கேட்கும். மூன்று நான்கு துண்டுகளைக் கலந்து வையுங்கள். வெட்டிய முனையில் 'டிக்' என்று சத்தம் வந்தால் ஒலியலை பாதியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். 5 முதல் 10 மில்லி விநாடி ஃபேடு போதும், மறைந்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. 5.1 கலவையில் (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் அரங்க ஒலி) வசனம் நடு ஸ்பீக்கரில் இருக்கும், ஆனால் அதற்குக் கொடுத்த எதிரொலி மற்ற ஸ்பீக்கர்களுக்கும் போயிருக்கும். நடுவில் மட்டும் அடக்கினால் வார்த்தை போய்விடும், அதன் எதிரொலி பின்பக்கச் சுவரிலிருந்து கேட்கும். கோயில் மண்டபம், கிணறு, குகைக் காட்சிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். எதிரொலிக்கு ஒலி பிரிந்து போவதற்கு முந்தைய இடத்திலேயே அடக்குங்கள்.

முகம் அருகில் தெரியும் ஷாட்டில் மியூட் வேண்டாம், சொல்லை மாற்றுங்கள். தமிழில் ப, ம இரண்டுக்கும் இதழ் மூடியாக வேண்டும், உ, ஊ, ஒ, ஓ வரும்போது குவியும். பார்ப்பவர் கண் பிடிப்பது இந்த இடங்களைத்தான். 'நாயே' என்று வாயசைத்த இடத்தில் 'பேயே' என்று டப் செய்தால் ஒட்டாது. பகரத்துக்கு உதடு மூட வேண்டும், படத்தில் வாய் திறந்தே இருக்கும். 'தாயே' என்றால் உதடு பொருந்தும், பொருள் பொருந்தாது. இரண்டும் பொருந்தும் சொல் கிடைக்கும்வரை அசை எண்ணிக்கையை மாற்றாமல் ஐந்தாறு சொற்களை எழுதிப் பேசிப் பாருங்கள்.

பீப் ஒலியைப் பற்றி: வழக்கமாக வைப்பது 1000 ஹெர்ட்ஸ் ஒலி. நகைச்சுவைக் காட்சிக்கு அது உதவும். சாவு வீட்டிலோ கொலைக் காட்சியிலோ வைத்தால் அரங்கு சிரித்துவிடும். வசனத்தைவிடச் சற்றுக் கீழான அளவில் வையுங்கள், முழு அளவில் வைத்தால் காதைக் குத்தும்.

கடைசியாக, எல்லா வடிவத்தையும் சரிபாருங்கள். 5.1இல் மாற்றிவிட்டு ஸ்டீரியோவை மறப்பார்கள். ஸ்டீரியோவையும் மாற்றிவிட்டு சப்டைட்டிலை மறப்பார்கள். ஓசை அடங்கிய நேரத்தில் திரையின் அடியில் அதே வார்த்தை எழுத்தில் ஓடும். ட்ரெய்லர் தனிக் கோப்பு, அதையும் பாருங்கள்.

அடுத்த படத்துக்கு ஒரு யோசனை: வசை வரும் ஒவ்வொரு வரியையும் மிதமான சொல்லோடு இன்னொரு டேக் எடுத்துவிடுங்கள். கேட்பவரின் முகத்தை 3 விநாடி தனியாகவும் எடுத்துவையுங்கள். அந்த முகம் கையில் இருந்தால் எந்தச் சொல்லையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பல நேரங்களில் திட்டுபவன் முகத்தைவிடத் திட்டு வாங்குபவன் முகம் காட்சியை உயர்த்தும்.

கேள்வி: யுஏ 16+ கிடைக்க எத்தனை கெட்ட வார்த்தை வரை வைக்கலாம்? (உதவி இயக்குநர்)

நம் விதிகளில் அப்படி எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 1984இல் அங்கே வந்த பிஜி-13 (13 வயதுக்குக் கீழோரின் பெற்றோருக்கு எச்சரிக்கை) பிரிவில், பாலுறவைக் குறிக்கும் மிகக் கடுமையான அந்த ஆங்கிலச் சொல் வெறும் ஏச்சாக ஒரு தடவை வரலாம். ஒன்றுக்கு மேல் போனாலோ, பாலுறவுப் பொருளில் வந்தாலோ பொதுவாக 'ஆர்' (17 வயதுக்குக் கீழோர் பெரியவர் துணையோடு மட்டும்) பிரிவுக்குப் போய்விடும். விதிவிலக்கு உண்டு, மதிப்பீட்டுக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1991 டிசம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள். ஆபாசமும் கொச்சையும் மனத்தைப் புண்படுத்தக் கூடாது, இரட்டை அர்த்த வசனம் கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, இனம் மதம் போன்ற எந்தப் பிரிவினரையும் அவமதிக்கும் சொல் கூடாது, உடல், மனக் குறையுள்ளவரைக் கேலி செய்யக் கூடாது என்று அவை சொல்கின்றன. படத்தை முழுமையாக, அதன் காலத்தையும் சூழலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 2015 பிப்ரவரியில் தடைசெய்ய வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றை வாரியத் தலைமை சுற்றுக்கு விட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அது நிறுத்திவைக்கப்பட்டது.

எண்ணிக்கை இல்லாதது உங்களுக்கு ஒரு விதத்தில் நல்லது. நண்பர்கள் உரிமையோடு பத்து முறை சொல்லிக்கொள்ளும் ஏச்சும், சாதிப் பெயரைச் சேர்த்து ஒரே ஒரு முறை உமிழும் சொல்லும் சமமல்ல. இரண்டாவதை நியாயப்படுத்த முழுக் கதையும் அதன் பக்கம் நிற்க வேண்டும். வாரியத்தில் படத்தை முதலில் பார்க்கும் குழுவின் முடிவை நீங்கள் ஏற்கவில்லை என்றால் மறுபரிசீலனைக் குழுவுக்குப் போகலாம். முன்பு அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். வழக்காட நாள் பிடிக்கும். அதனால் வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பு சான்றிதழ் கேட்டு நிற்கும் படம் சொன்னதையெல்லாம் மியூட் செய்து கொடுத்துவிட்டு வரும். ஒரு வார்த்தைக்காக வாதாட விரும்பினால் வாரக்கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் காலப் படங்களில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இப்போது மட்டும் ஏன் இப்படி?

காசுக் கணக்கு ஒரு பெரிய காரணம். தமிழ்நாட்டில் 2011இல் வந்த விதிப்படி கேளிக்கை வரி விலக்குக்குத் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் வேண்டியிருந்தது. ஒரு வசைச்சொல் 'யு'வைப் பறித்துவிட்டால் இழப்பு நேராகக் கல்லாவில் தெரியும், தயாரிப்பாளரே எடுத்துவிடுவார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, அந்தத் தூண்டுதல் போனது. தொலைக்காட்சி உரிமை இன்னொரு கடிவாளம்: 'ஏ' படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது, வெட்டி மறு சான்றிதழ் வாங்க வேண்டும். முன் சான்றிதழே தேவையில்லாத ஓடிடி வந்ததும் அந்தக் கடிவாளமும் தளர்ந்தது. தெருவின் பேச்சை அப்படியே கொண்டுவர வேண்டும் என்ற எழுத்தாளர்களின் நேர்மையான விருப்பமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இப்படித்தான். அங்கே 1934 முதல் கடுமையாக அமலான தயாரிப்பு நெறி 1968இல் போய் வயதுப் பிரிவுகள் வந்த பிறகுதான் மொழி தளர்ந்தது.

ஆனால் பழைய படங்கள் சுத்தம் என்பதை எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது. கறுப்பு நிறத்தை, குட்டையை, திக்குவாயை, பிள்ளை இல்லாதவளை, கைம்பெண்ணை வைத்துச் சிரிப்பு மூட்டிய காட்சிகள் எத்தனை! அவற்றில் தடைசெய்யும் சொல் ஒன்றும் இருக்காது, 'யு' சான்றிதழும் இருக்கும். குடும்பமாக உட்கார்ந்து சிரித்தோம். காதுக்குக் கூசாத அந்த ஏச்சு எத்தனையோ பேரைக் கூனிக்குறுக வைத்தது. சொல்லை மட்டும் அளப்பவர் கையில் இது சிக்காது.

கேள்வி: ரவுடியைப் பற்றிக் கதை எழுதுகிறேன். வசை இல்லாவிட்டால் செயற்கையாக இருக்கிறது, வைத்தால் மியூட் ஆகிறது. என்ன செய்வது?

நம் இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று மூன்று உண்டு: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வது முதலாவது. உங்களுக்கு அதிகம் உதவப்போவது மூன்றாவது. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல் அது. உங்கள் ரவுடிக் கூட்டத்துக்கென்று நீங்களே ஓர் ஏச்சுச் சொல்லை உண்டாக்குங்கள். முதல் காட்சியில் அந்தச் சொல்லால் ஒருவன் அடி வாங்கட்டும். இரண்டாம் முறை கேட்டதும் பார்ப்பவருக்கு அதன் கனம் தெரிந்துவிடும். அதை மியூட் செய்யச் சொல்வது வாரியத்துக்கு எளிதல்ல, ஏனென்றால் அகராதியில் அதற்குக் கெட்ட பொருள் இல்லை.

சாபமும் நம்மிடம் குறைவில்லை. 'நாசமாப் போக', 'கட்டையில போறவனே', 'நீ விளங்கவே மாட்டே' போன்றவை சரியான வாயில், சரியான நேரத்தில் வந்தால் எந்த வசையையும்விட ஆழமாக இறங்கும். ஊருக்கு ஊர் இது மாறும். உங்கள் பாத்திரம் எந்த ஊரோ அங்கே போய்க் காதால் கேட்டு எழுதுங்கள்.

பிறகு ஒரு சோதனை. வசனப் படியை எடுத்து வசைச்சொல் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். எங்கே காட்சி தளரவில்லையோ அங்கே அந்தச் சொல் தேவைப்படவே இல்லை. எங்கே உண்மையாகவே ஏதோ உடைகிறதோ அங்கே மட்டும் திரும்ப வையுங்கள். நூறு இருந்த இடத்தில் ஆறேழு மிஞ்சும். அந்த ஆறேழும் அரங்கை உலுக்கும். நூறு இருந்தபோது பதினைந்தாவது சொல்லோடு காது மரத்துப்போயிருக்கும்.

கேள்வி: படத்தில் கெட்ட வார்த்தை பேசுவதே சட்டப்படி குற்றம்தானே? வழக்குப் போட்டால் என்ன?

குற்றம் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பூலன் தேவி வாழ்க்கையை வைத்து எடுத்த படத்தின் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம், கதைக்கு எதற்காக வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி 'ஏ' சான்றிதழை நிலைநிறுத்தியது. ஓர் இணையத் தொடர் பற்றிய வழக்கில் 2024 மார்ச்சில் இன்னும் தெளிவாகச் சொன்னது: கொச்சையும் வசையும் முகம் சுளிக்க வைக்கலாம், அதனாலேயே அவை சட்டம் சொல்லும் 'ஆபாசம்' ஆகிவிடாது. அளவு மீறிய வசையை வெறுக்கும் எங்களுக்கும் இந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. இதைச் சிறையால் திருத்த முடியாது.

கேள்வி: ஓடிடியில் பூட்டுப் போட்டும் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறோம்?

பெரும்பாலும் உங்கள் சொந்த ப்ரொஃபைலில். குழந்தைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பு வைத்துவிட்டு, பெரியவர்கள் ப்ரொஃபைலைத் திறந்தே விட்டுவிடுகிறோம். பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தி அதற்குள் போய்விடும். பூட்ட வேண்டியது அந்தக் கதவை. நெட்ஃப்ளிக்ஸில் கணக்கு அமைப்புக்குள் போய் ஒவ்வொரு பெரியவர் ப்ரொஃபைலுக்கும் 4 இலக்க பின் (PIN) எண் வையுங்கள். குழந்தை ப்ரொஃபைலில் வயது வரம்பை 7+ அல்லது 13+ ஆக்குங்கள். வயது வரம்புக்குள் வரும் படமே பிடிக்கவில்லை என்றால் அதன் பெயரைச் சொல்லித் தனியாகத் தடுக்கவும் வழி இருக்கிறது. பிறந்த ஆண்டை பின் எண்ணாக வைக்காதீர்கள், முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் யு/ஏ 13+க்கும் அதற்கு மேலும் பூட்டு வசதி வேண்டும் என்கின்றன. ஆகவே மற்றத் தளங்களின் அமைப்புப் பக்கத்திலும் இதைத் தேடுங்கள்.

படம் தொடங்கும்போது மூலையில் வயதோடு 'மொழி', 'வன்முறை' என்று காரணமும் சில விநாடி வந்து மறையும். அரங்கில் கிடைக்காத தகவல் அது, விட்டுவிடாதீர்கள். யூடியூபில் வரும் ட்ரெய்லர்களுக்கோ துண்டுக் காட்சிகளுக்கோ வாரியச் சான்றிதழ் தேவையில்லை. அங்கே உள்ள கட்டுப்பாட்டுப் பயன்முறையை டிவி, கைபேசி, கணினி என ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே போட வேண்டும்.

கேள்வி: ஏழு வயது மகள் படத்தில் கேட்ட வார்த்தையை அப்படியே சொல்கிறாள். அடிப்பதா, விடுவதா?

இரண்டும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். உறவினர் முன்னால் சிரித்துவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பரிசு கிடைத்த மாதிரி. முகத்தை மாற்றாமல் 'இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரியாது. வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள்: 'இது ஒருத்தரோட அம்மாவை அசிங்கமாப் பேசுறது', 'இது ஒரு சாதிக்காரங்களை மட்டமாப் பேசுறது'. கோபம் வந்தால் அதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்று ஒரு சொல்லையும் கொடுங்கள்; கோபத்துக்குச் சொல் வேண்டும், இல்லாவிட்டால் பழைய சொல்லுக்கே திரும்புவாள். வீட்டுப் பெரியவர்கள் வண்டி ஓட்டும்போது என்ன பேசுகிறார்கள் என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள்.

கேள்வி: புகார் கொடுத்தால் யாராவது பார்ப்பார்களா?

ஓடிடி என்றால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்கும். 2021 விதிகளின்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், திருப்தி இல்லையென்றால் அத்தளம் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. இந்த விதிகளின் சில பிரிவுகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது; ஆனாலும் பெரிய தளங்கள் அலுவலரை வைத்து நடத்திவருகின்றன. 'கலாசாரம் கெடுகிறது' என்று எழுதினால் பதில் வராது. படம், நிமிடம், விநாடி, போட்டிருக்கும் வயது, எந்த வயது இருக்க வேண்டும், ஏன் என்று ஆறு வரி எழுதுங்கள். 'இதை 13+ என்று போட்டிருக்கிறீர்கள், 16+ ஆக்குங்கள், மொழி என்ற குறிப்பைச் சேருங்கள்' என்பது நிறைவேற்றக்கூடிய கோரிக்கை. படத்தையே நீக்கு என்பது அப்படியல்ல.

கேள்வி: ஆங்கிலப் படத்தை ஆங்கிலத்தில் பார்த்தால் உறுத்தவில்லை, தமிழ் டப்பிங்கில் உறுத்துகிறது. ஏன்?

ஆங்கிலத்தில் அந்தச் சொல் பல இடங்களில் வெறும் அழுத்தம். 'ரொம்ப' என்பதற்கு மேல் பொருள் இராது. அதைத் தமிழில் நேராக மாற்றினால் யாரோ ஒருவரின் தாயைத் திட்டுவதாகிவிடும், கனம் பல மடங்கு ஏறும். தேர்ந்த டப்பிங் எழுத்தாளர் அங்கே 'கருமம்', 'எழவு', 'சனியன்' என்று போட்டுக் கடந்துவிடுவார். டப்பிங் வடிவத்துக்குத் தனிச் சான்றிதழ் என்பதால் இரண்டுக்கும் வயதுப் பிரிவு வேறாகவும் இருக்கலாம். டிக்கெட் எடுக்கும் மொழிக்கு உரியதைப் பாருங்கள். ஓடிடியில் தமிழ் ஒலியை மட்டும் தேர்ந்து சப்டைட்டிலை அணைக்க மறந்தால், காதில் 'சனியன்' கேட்கும்போதே கண்ணில் மூலச் சொல் ஓடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.